பெயரை மாற்றினால் தண்ணீர் பெட்ரோல் ஆகிவிடுமா?



காருக்குள் ஒரு டப்பா வைத்தால் மைலேஜ் கூடும் என்று சொல்லும் வியாபாரம் புதிதல்ல. நான் பஸ் டெப்போவில் மெக்கானிக்கல் பிரிவில் இருந்த முப்பத்தொரு வருஷத்தில், டீசல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை, ஏர் ஃபில்டருக்குப் பின்னால் வைக்கும் காற்றாடி என்று பலதும் வந்து போயின. எல்லாம் சில வருஷம் ஆடிவிட்டு அடங்கிவிட்டன. இந்த ஹைட்ரஜன் டப்பா மட்டும் அடங்குவதாக இல்லை. காரணம் அதற்கு இருக்கும் பெயர்கள். ஒரு பெயர் கெட்டுப்போனால் இன்னொரு பெயரில் வந்து நிற்கிறது. கேட்பவர் படித்தவராக இருந்தாலும் குழம்பிப் போகிறார். ஆகவே டப்பாவைத் திட்டுவதற்கு முன்னால் அந்தப் பெயர்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் டப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தண்ணீர், அதில் கொஞ்சம் காரம் அல்லது சோடா உப்பு, நடுவே எவர்சில்வர் தகடுகள். பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்தால் தண்ணீர் பிரிந்து இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு பிராணவாயுவும் குமிழியாக வரும். அதை ஒரு ரப்பர் குழாய் வழியாக எஞ்சின் காற்று இழுக்கும் இடத்தில் விடுகிறார்கள். அவ்வளவுதான். இதற்குப் பெயர் மின்னாற்பகுப்பு. 1800ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் செய்து காட்டியது. பள்ளிக்கூட லேபில் நாம் எல்லோரும் பார்த்ததுதான்.

வெளியே வரும் வாயுவுக்கு வேதியியலில் ஒரே பெயர்தான்: ஆக்சிஹைட்ரஜன். இரண்டு வாயுக்களின் கலவை, வேறொன்றுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடக மேடை விளக்குக்கு இந்தச் சுடரைக் கொண்டு சுண்ணாம்புக் கட்டியைச் சூடேற்றி வெளிச்சம் பெற்றார்கள். ஆனால் கடையில் போய்க் கேளுங்கள். ஒருவர் பிரௌன்ஸ் கேஸ் என்பார். 1970களில் ஆஸ்திரேலியாவில் இருந்த யூல் பிரௌன் என்பவர் இந்தக் கலவையை வைத்து வெல்டிங் செய்யக் காப்புரிமை வாங்கினார், அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்னொருவர் ஹெச்.ஹெச்.ஓ. என்பார். ஹெச்-டூ-ஓ என்றால் தண்ணீர் என்று எல்லோருக்கும் தெரியும். எழுத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டதும் ஏதோ புது மூலக்கூறு மாதிரி காதில் விழுகிறது. அப்படி ஒரு மூலக்கூறு கிடையாது. மூன்றாமவர் ஹைட்ராக்சி என்பார். வேதியியலில் அது ஆல்கஹால் போன்ற பொருள்களில் இருக்கும் ஓர் இணைப்பின் பெயர், இதற்குச் சம்பந்தமில்லை. நான்காமவர் வாட்டர் கேஸ் என்பார். பழைய இன்டர்மீடியட் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், வாட்டர் கேஸ் என்பது பழுக்கக் காய்ந்த கரியின் மேல் நீராவி விட்டு எடுப்பது, அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அது முற்றிலும் வேறு சரக்கு.

இது வாயுவின் பெயர்கள். டப்பாவின் பெயர்கள் இதைவிட மோசம். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, ஃபியூயல் செல். நிஜமான ஃபியூயல் செல் என்பது ஹைட்ரஜனை உள்ளே வாங்கி, காற்றோடு சேர்த்து, கரண்டை வெளியே கொடுப்பது. 1839 வாக்கில் வில்லியம் குரோவ் கண்டுபிடித்தது. நம் டப்பா கரண்டை உள்ளே வாங்கி ஹைட்ரஜனை வெளியே விடுவது. நேர் எதிர்! மோட்டாரையும் டைனமோவையும் ஒரே பெயரில் விற்பது மாதிரி. நம்மூரில் செல் என்றால் டார்ச் லைட் செல், இல்லாவிட்டால் கையில் இருக்கும் போன். எப்படிப் பார்த்தாலும் சக்தியைக் கொடுக்கும் பொருள் என்றுதான் மனதில் படும். இந்த டப்பாவோ சக்தியைத் தின்னும் பொருள்.

இரண்டு, ஹைட்ரஜன் ஜெனரேட்டர். ஆங்கிலத்தில் ஹைட்ரஜனை உண்டாக்குவது என்று பொருள். தமிழ்நாட்டில் ஜெனரேட்டர் என்றால் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் டுபுடுபுவென்று ஓடி கரண்ட் கொடுப்பது. ஹைட்ரஜன் ஜெனரேட்டர் என்றதும் ஹைட்ரஜனிலிருந்து கரண்ட் வரும் மெஷின் என்று எடுத்துக்கொள்கிறோம். விற்பவர் திருத்துவதில்லை. ஏன் திருத்தப் போகிறார்?

மூன்று, கிட். நம் டிரைவர்களுக்கு கேஸ் கிட் தெரியும். எல்.பி.ஜி., சி.என்.ஜி. கிட் போட்டவர்கள் பணம் மிச்சம் பிடித்திருக்கிறார்கள், அது உண்மை. ஏனென்றால் அங்கே வெளியிலிருந்து வேறொரு எரிபொருளைக் காசு கொடுத்து வாங்கி நிரப்புகிறோம். ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி ஆர்.சி.யில் ஏற்றுகிறோம். ஹைட்ரஜன் கிட் என்ற பெயர் அந்த நம்பிக்கையில் ஓசியில் தொற்றிக்கொள்கிறது. ஆனால் இதில் வெளியிலிருந்து எந்த எரிபொருளும் வருவதில்லை. தண்ணீர் எரிபொருள் கிடையாது. ஹைட்ரஜன் எரிந்து முடிந்த பிறகு மிஞ்சும் சாம்பல்தான் தண்ணீர். அடுப்புச் சாம்பலை மறுபடி விறகாக்க வேண்டுமென்றால், அந்த விறகு கொடுத்த சூட்டை முழுவதும் திருப்பிக் கட்ட வேண்டும், வட்டியும் சேர்த்து.

அந்த வட்டி எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடுவோம். நிமிஷத்துக்கு 1 லிட்டர் வாயு தரும் டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரங்களில் வருவது ஏறக்குறைய இந்த அளவுதான். ஆறு அறைகளை வரிசையாக இணைத்த டப்பா அதற்குச் சுமார் 15 ஆம்பியர் கரண்ட் இழுக்கும், 14 வோல்ட்டில் ஏறத்தாழ 200 வாட். கார் ஆல்டர்னேட்டரின் திறன் 55 சதவீதம் என்று கொண்டால், எஞ்சின் தண்டிலிருந்து அது பிடுங்கும் சக்தி 365 வாட் அளவுக்கு வரும். இது செலவு.

வரவு என்ன? 1 லிட்டர் வாயுவில் மூன்றில் இரண்டு பங்குதான் ஹைட்ரஜன். அது எரிந்தால் கிடைக்கும் சூடு சுமார் 110 வாட். சூடு முழுவதும் சக்கரத்துக்குப் போகாது. பெட்ரோல் எஞ்சின் சாதாரண ஓட்டத்தில் அதில் கால் பங்கைத்தான் சக்தியாக மாற்றும். ஆக 27 வாட் சொச்சம். கொடுத்தது 365, வந்தது 27. நூறு ரூபாய் கொடுத்து ஏழரை ரூபாய் வாங்குவதற்குப் பெயர் சேமிப்பு என்றால், நம் ஊரில் ஒரு சீட்டுக் கம்பெனியும் ஓடிப்போயிருக்காது.

உடனே ஒரு பதில் வரும்: "ஆல்டர்னேட்டர் எப்படியும் சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது சார், அந்தக் கரண்ட் ஓசிதானே?" இதைக் கேட்பவர்களிடம் நான் சைக்கிள் டைனமோவை ஞாபகப்படுத்துவேன். நம் வயதுக்காரர்கள் எல்லோரும் மிதித்தவர்கள்தான். இரவில் டைனமோவை டயரில் சாய்த்ததும் பெடல் கனக்கும். பல்பு எரிய வேண்டுமென்றால் கால் உழைக்க வேண்டும். கார் எஞ்சினுக்கும் அதே கதைதான், அதற்கு முனகத் தெரியாது, பெட்ரோல் குடிக்கத் தெரியும்.

இன்னொன்றும் சொல்வார்கள். "ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் செலவு, எவ்வளவு சிக்கனம் பாருங்கள்!" 1 லிட்டர் தண்ணீர் பிரிந்தால் ஏறக்குறைய 1,860 லிட்டர் வாயு வரும். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் என்றால் 31 மணி நேரம் ஓடும். அந்த நேரத்தில் உங்கள் கார் நூறு லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடித்திருக்கும். தண்ணீர் குறைவாகச் செலவாவது சிக்கனத்துக்கு அடையாளம் இல்லை. டப்பா ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை என்பதற்கு அடையாளம்.

கணக்கில் மடக்கியவுடன் பெயர் மறுபடி மாறும். "நாங்கள் இதை எரிபொருள் என்று சொல்லவே இல்லை சார், இது கேட்டலிஸ்ட், பெட்ரோலை முழுசாக எரிய வைக்கும்." சரி, அதையும் பார்ப்போம். இன்றைய பெட்ரோல் எஞ்சினில் உள்ளே போகும் பெட்ரோலில் 95 சதவீதத்துக்கு மேல், நல்ல நிலையில் 98 வரை, ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. நஷ்டம் ஆவது எரியாத பெட்ரோலில் இல்லை. ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் போகும் சூட்டில். மிச்சமிருக்கும் இரண்டு மூன்று சதவீதத்தை முழுவதும் எரித்தாலும் 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி பதினைந்தரை கொடுக்கலாம். நோட்டீசில் போட்டிருப்பது 30 சதவீதம், 40 சதவீதம். அது எங்கிருந்து வரும்?

நியாயமாக ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பெட்ரோலோடு ஹைட்ரஜன் சேர்த்தால் சுடர் வேகமாகப் பரவும், குறைந்த பெட்ரோலும் நிறையக் காற்றும் உள்ள கலவையிலும் எஞ்சின் தடுமாறாமல் ஓடும். இது ஆராய்ச்சியில் கண்ட உண்மை. 1977ல் அமெரிக்காவின் நாசாவே இதில் ஓர் அறிக்கை வெளியிட்டது. விற்பவர்கள் அந்த அறிக்கையின் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். ஆனால் அந்தச் சோதனையில் ஹைட்ரஜன் வந்தது சிலிண்டரிலிருந்தும், மெத்தனாலை நீராவியோடு பிரிக்கும் கருவியிலிருந்தும். வண்டியின் ஆல்டர்னேட்டரில் எவர்சில்வர் தகடு மாட்டி எடுத்ததல்ல. இரண்டிலும் ஹைட்ரஜன் என்ற சொல் இருக்கிறது, அவ்வளவுதான் உறவு.

இதே சொல்லை வைத்துத்தான் இப்போது பெரிய குழப்பம் நடக்கிறது. 2022 மார்ச்சில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி டொயோட்டா மிராய் காரில் பார்லிமென்டுக்கு வந்தார். அது நிஜ ஃபியூயல் செல் கார். ஹைட்ரஜனை 700 மடங்கு காற்றழுத்தத்தில் தொட்டியில் நிரப்பிக்கொண்டு மோட்டாரில் ஓடுகிறது. 2023 பிப்ரவரியில் நம் சென்னைக் கம்பெனி அசோக் லேலண்ட், ரிலையன்சோடு சேர்ந்து ஒரு லாரியைக் காட்டியது. அது எஞ்சினுக்குள்ளேயே ஹைட்ரஜனை எரிப்பது. டெல்லியில் 2020ல் சில பஸ்களில் சி.என்.ஜி.யோடு 18 சதவீதம் ஹைட்ரஜன் கலந்து ஓட்டிப் பார்த்தார்கள். 2025ல் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்தார்கள். எல்லாம் உண்மை, எல்லாம் நம் பெருமை. பத்திரிகைகள் எல்லாவற்றையும் "ஹைட்ரஜன் வண்டி" என்று ஒரே பெயரில் எழுதின. சில தலைப்புகளில் "தண்ணீரில் ஓடும்" என்றே போட்டுவிட்டார்கள். அந்தச் செய்தித் துண்டுகளை வெட்டி லேமினேட் செய்து, டப்பா விற்கும் கடையில் ஒட்டியிருக்கிறார்கள். அமைச்சர் படம், பக்கத்தில் டப்பாவின் விலை!

இந்த நாலிலும் ஹைட்ரஜன் வெளியிலிருந்து நிரப்பப்படுகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் கரண்ட் ஆகும். அந்த ஒரு கிலோவில் இருப்பது 33 யூனிட். நஷ்டம் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள், வெயிலிலும் காற்றிலும் எடுத்த கரண்டைச் சேர்த்து வைக்க ஒரு வழியாக. யாரும் வண்டி ஓடும்போதே அதன் சொந்த எஞ்சினிலிருந்து கரண்ட் எடுத்து ஹைட்ரஜன் செய்து லாபம் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது.

பெயரால் நடந்த ஏமாற்று உலகத்துக்கே பொது. அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்து ஸ்டான்லி மேயர் தன் டப்பாவுக்கு வைத்த பெயரே வாட்டர் ஃபியூயல் செல். 1996ல் நீதிமன்றம் நிபுணர்களை வைத்துப் பார்த்தது. உள்ளே இருந்தது சாதாரண மின்னாற்பகுப்பு. மோசடி என்று தீர்ப்புச் சொல்லி, முதலீட்டாளர்கள் இருவருக்கு 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னார்கள். பிலிப்பைன்சில் டேனியல் டிங்கெல் என்பவர் பல வருஷம் தண்ணீர்க் கார் என்று சொல்லிவந்து, 2008ல் எண்பது வயதுக்கு மேல் மோசடி வழக்கில் தண்டனை பெற்றார். அதே 2008ல் ஜப்பானில் ஜெனிபாக்ஸ் என்ற கம்பெனி தண்ணீர்க் கார் காட்டி, அடுத்த வருஷமே கடையை மூடியது. 2012ல் பாகிஸ்தானில் ஆகா வகார் என்பவர் டி.வி.யில் காட்டினார், அமைச்சர்களே கைதட்டினார்கள். நாமும் சளைத்தவர்கள் இல்லை. 1996ல் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோலுக்கு ஊரே திருவிழா எடுத்ததை நம் தலைமுறை மறந்திருக்காது. அங்கே மூலிகை என்ற சொல் செய்த வேலையை இங்கே ஹைட்ரஜன் என்ற சொல் செய்கிறது.

இதெல்லாம் வேடிக்கை என்று விட்டுவிடலாம், அடி வாங்குவது யார் என்று பார்க்காதவரை. எங்கள் தெருவில் கால் டாக்ஸி ஓட்டும் ஒரு பையன் இருக்கிறான். வண்டி டியூ மாதம் பதினோராயிரம். பெட்ரோல் விலையில் நொந்துபோய், ஒரு பட்டறையில் இருபத்திரண்டாயிரம் கொடுத்து டப்பா மாட்டிக்கொண்டான். பாதி கைமாற்று. "முதல் வாரம் நல்லா கொடுத்துச்சு சார், பதினாறு வந்துச்சு. அப்புறம் பழையபடி ஆயிடுச்சு" என்றான். என்னென்ன செய்தார்கள் என்று விசாரித்தேன். ஏர் ஃபில்டர் புதிதாக மாற்றியிருக்கிறார்கள், பிளக் மாற்றியிருக்கிறார்கள், டயருக்குக் காற்று சரியாக வைத்திருக்கிறார்கள், கிளம்பும்போது "எண்பதுக்கு மேல் போகாதே" என்று புத்தியும் சொல்லியிருக்கிறார்கள். இந்த நாலும் சேர்ந்தால் எந்த டப்பாவும் இல்லாமலேயே ஒரு கிலோமீட்டர் கூடும்! கூடவே சென்சார் ஒயரில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் பெட்டி. ஆக்சிஜன் சென்சாருக்குப் பொய் சொல்லி, எஞ்சினுக்குப் பெட்ரோலைக் குறைத்துவிடும் வேலை அதனுடையது. எஞ்சின் செக் லைட் எரிய ஆரம்பித்து, ஷோரூமுக்குப் போனால் "வாரண்டி கிடையாது" என்று கைவிரித்துவிட்டார்கள். பட்டறைக்காரரிடம் கேட்டால் "கிட்டில் குறை இல்லை, தண்ணீர் சரியில்லை" என்கிறாராம். அவன் படிக்காதவன் இல்லை, டிப்ளமோ முடித்தவன். அவனை ஏமாற்றியது ஆசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இத்தனை நிஜப் பெயர்களுக்கு நடுவே ஒரு பொய்யை ஒளித்து வைத்தால் யார்தான் கண்டுபிடிப்பார்கள்?

டீகார்பனைசிங் என்ற சொல்லையும் இப்போது பிடித்துக்கொண்டார்கள். எங்கள் காலத்தில் டீகார்ப் என்றால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, கரியைச் சுரண்டி, வால்வு தேய்த்து, புது கேஸ்கட் போட்டு மாட்டுவது. நாள் முழுக்க வேலை. இப்போது அதே ஆக்சிஹைட்ரஜன் வாயுவை அரை மணி நேரம் காற்றுக் குழாயில் விட்டு ஆயிரத்துக்கு மேல் வாங்குகிறார்கள். முன்னால் எவ்வளவு கரி இருந்தது, பின்னால் எவ்வளவு போனது என்று கேமரா விட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் கொடுங்கள்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. ஹைட்ரஜனும் பிராணவாயுவும் கலந்தே வரும் குழாய் இது. ஒரு பொறி பின்னோக்கிப் பாய்ந்தால் டப்பா வெடிக்கும். தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தடுக்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பானெட்டைத் திறந்துதான் பார்ப்பார்.

டெப்போவில் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் எங்களுக்கு ஒரே வழக்கம். பேச்சே கிடையாது. அதே வண்டி, அதே ரூட், அதே டிரைவர், டேங்க் கழுத்து வரை நிரப்பி ஒரு மாதம் மாட்டி ஓட்டு, ஒரு மாதம் கழற்றி ஓட்டு, கே.எம்.பி.எல். என்ன என்று பதிவேட்டில் எழுது. டிரைவருக்கு டப்பா மாட்டியிருக்கிறதா இல்லையா என்று தெரியக்கூடாது. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் நிறுவனம் 1970களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட மைலேஜ் கருவிகளை இப்படிப் பரிசீலித்திருக்கிறது. மிகச் சிலதான் தேறின, அவையும் கொஞ்சமே கொஞ்சம்.

உங்கள் மகனோ மருமகனோ பக்கத்து வீட்டுப் பையனோ ஹைட்ரஜன் கிட் வாங்கப் போகிறேன் என்று வந்தால், வேதியியல் எல்லாம் வேண்டாம். மூன்று கேள்வி போதும். ஹைட்ரஜனை எங்கே நிரப்புவது? பங்க் எதுவும் இல்லை, வண்டியே செய்துகொள்ளும் என்றால், அதற்கான கரண்ட் எந்தப் பெட்ரோலிலிருந்து வருகிறது? ஆர்.சி.யில் ஏற்றித் தருவீர்களா, வாரண்டியும் இன்சூரன்சும் போகாது என்று லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா? மூன்றுக்கும் நேரான பதில் வராமல் புதிதாக ஒரு பெயர் வந்தால், பையனை வண்டியில் ஏறச் சொல்லி, அடுத்த பங்கில் டயருக்குக் காற்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் காசு வாங்குவதில்லை. மைலேஜும் நிஜமாகவே கூடும்.